கிலோமீட்டரோடு எஞ்சின் மணியையும் பாருங்கள்: ஒரு லாரி ஷெட்டின் பராமரிப்பு அனுபவம்

லாரி வைத்திருப்பவர்கள் பலரும் கிலோமீட்டரைப் பார்த்துத்தான் சர்வீஸ் விடுகிறார்கள். எங்கள் ஷெட்டிலும் அப்படித்தான் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓடும் வண்டிகளுக்கு அந்தக் கணக்கு மட்டும் பத்தாது, எஞ்சின் மணியையும், அதாவது எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தெளிவாகப் புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த வருடத்தில் என்னென்ன செய்தோம், எது கைகொடுத்தது என்பதை இங்கே எழுதுகிறேன். பத்திருபது வண்டி வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு உதவும்.

எங்கள் சித்தப்பாவின் ஷெட் மார்த்தாண்டத்துக்கும் தக்கலைக்கும் நடுவில் இருக்கிறது. டிப்பர்களும் பத்துச் சக்கர, பன்னிரண்டு சக்கர லாரிகளுமாக இருபதுக்கு மேல் வண்டிகள். திருநெல்வேலிப் பக்கமிருந்து சிமென்ட் வரும். பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனிகளுக்கு ரப்பர் தடி போகும். கடற்கரை ஊர்களில் கடலுக்குள் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவுக்கும் கடலரிப்புத் தடுப்புச் சுவருக்கும் டிப்பர்கள் பாறாங்கல் கொண்டுபோகும். நான் பி.காம் முடித்துவிட்டு அங்கே கணக்கு பார்க்கிறேன்.

முதல் வேலை, பழைய பில்களைப் பிரித்து ஒரு எக்செல் ஷீட்டில் ஏற்றுவது. பார்ட்ஸ் கடை பில், ஒர்க்‌ஷாப் கூலிச் சீட்டு, டிரைவர்கள் செலவு எழுதிய நோட்டு எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக இருந்தன. ஏற்ற ஆரம்பித்ததும் ஒரு சிக்கல் வந்தது. ஒரே வேலையை ஒரு பில் ‘பிரேக் வேலை’ என்கிறது, இன்னொன்று ‘லைனர் மாற்றியது’ என்கிறது, மூன்றாவது ‘பின் ஹப் பிரித்தது’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இப்படி இருந்தால் ‘இந்த வண்டிக்கு பிரேக் வேலை எத்தனை முறை வந்தது?’ என்ற கேள்விக்குக் கம்ப்யூட்டரால் பதில் சொல்ல முடியாது.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்க லாரித் தொழில் கூட்டமைப்பு 1970-ல் வி.எம்.ஆர்.எஸ். என்ற குறியீட்டு முறையைக் கொண்டுவந்தது. வண்டியின் ஒவ்வொரு அமைப்புக்கும் மூன்று இலக்க எண் உண்டு. பிரேக் 013, டயர் 017, கூலிங் 042, எஞ்சின் 045. அதற்குக் கீழே உட்பிரிவு, தனிப் பாகம் என்று மொத்தம் ஒன்பது இலக்கம் வரை போகும். எங்களுக்கு முதல் மூன்று இலக்கமே போதுமானதாக இருந்தது. முழுசாக ஒன்பதையும் எழுதச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள், ஒரே மாதத்தில் கைவிட்டுவிடுவார்கள்.

ஒரு வேலைக்கு ஒரு வரி. வண்டி எண், தேதி, கிலோமீட்டர், எஞ்சின் மணி, மூன்று இலக்க எண், டிரைவர் என்ன சொன்னார், மெக்கானிக் என்ன செய்தார், பார்ட்ஸ் விலை, கூலி. கடைசியில் இரண்டு கட்டம் சேர்த்தோம்: வண்டி ஷெட்டில் வைத்துச் சரிசெய்யப்பட்டதா, ரோட்டில் நின்றதா என்பது ஒன்று; திரும்ப ஓடும்வரை எத்தனை மணி நேரம் சும்மா கிடந்தது என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால் இந்த இரண்டும்தான் முக்கியம். ஆரல்வாய்மொழியில் கிளட்ச் போய் லோடோடு நிற்கும் வண்டிக்கு, பிளேட்டின் விலை மட்டும் செலவு இல்லை. இழுத்துவரும் கூலி, லோடு மாற்றும் கூலி, டிரைவர் பேட்டா, அடுத்த நாள் போயிருக்க வேண்டிய டிரிப் எல்லாம் சேரும். பில்லை மட்டும் கூட்டினால் இதில் பாதி கண்ணிலேயே படாது.

அடுத்து டெலிமேட்டிக்ஸ், அதாவது வண்டியில் இருக்கும் ஒரு பெட்டி வண்டியின் தகவலைத் தானாக அனுப்பும் வசதி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு வாங்கிய எங்கள் வண்டிகளில் கம்பெனியே பெட்டி பொருத்தித் தந்திருக்கிறது. டாடாவில் அது ஃப்ளீட் எட்ஜ், அசோக் லேலண்டில் ஐ-அலர்ட். ஷெட்டில் எல்லோரும் அதில் வண்டி எங்கே நிற்கிறது என்று மட்டும்தான் பார்த்துவந்தோம். உள்ளே போனால் எஞ்சின் ஓடிய மணி, நின்ற இடத்திலேயே ஓடிய மணி, எரிபொருள், ஃபால்ட் கோடு (கோளாறு வந்தால் வண்டியே பதிவு செய்யும் எண்) எல்லாம் இருக்கிறது. வாரம் ஒருமுறை அதை இறக்கி, வண்டி எண்ணை வைத்து எங்கள் ஷீட்டோடு சேர்த்தேன்.

அப்புறம் செய்தது சாதாரண வகுத்தல்தான். ஓடிய கிலோமீட்டரை எஞ்சின் மணியால் வகுத்து, வண்டிகளை வரிசைப்படுத்தினேன். பெரும்பாவூர் போகும் லாரிகள் மேலே வந்தன. பாறாங்கல் டிப்பர்கள் எல்லாம் மொத்தமாக அடியில் கிடந்தன. ஒரு மணி நேர எஞ்சின் ஓட்டத்தில் லாரி போகும் தூரத்தில் பாதிகூட டிப்பர் போகவில்லை. குவாரி வரிசையில் நிற்பது, எடை மேடையில் நிற்பது, குழித்துறை, மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்வது, கடற்கரையில் கொட்ட முறை வரும்வரை காத்திருப்பது. இத்தனை இடத்திலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது, கிலோமீட்டர் மட்டும் ஏறுவதில்லை. மீட்டரைப் பார்த்தால் ஆயில் மாற்ற இன்னும் நாள் இருக்கும். எஞ்சினுக்கோ அந்த நாள் எப்போதோ கடந்திருக்கும்.

இதை எங்கள் ஆசானிடம் காட்டினேன். ஷெட்டின் மூத்த மெக்கானிக் அவர். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வண்டி ஓடிக் கெடுகதவிட நின்னு கெடுகதுதான் கூடுதல் மக்ளே. நான் சொன்னா உங்க சித்தப்பா நம்பமாட்டாரு. இத நீயே கொண்டு காட்டு.” காட்டினேன். கிலோமீட்டர், எஞ்சின் மணி இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் என்று அன்றைக்கே முடிவானது. கம்பெனி கையேட்டிலேயே கடினமான ஓட்டத்துக்குத் தனி இடைவெளி போட்டிருக்கிறார்கள். டிப்பர்களுக்கு அதையே எடுத்துக்கொண்டோம்.

நின்றபடி ஓடுவதால் வரும் இன்னொரு தொல்லை டி.பி.எஃப்., அதாவது புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி. நெடுந்தூரம் சீராக ஓடும் வண்டியில் சைலன்சர் சூட்டிலேயே பெரும்பகுதிக் கரி எரிந்துவிடும். நின்று நின்று ஓடும் டிப்பரில் அந்தச் சூடு வராது. கரி சேர்ந்ததும் எஞ்சின் தானாகக் கூடுதல் டீசல் செலவழித்து, வடிகட்டியைக் கிட்டத்தட்ட 600 டிகிரி வரை சூடாக்கி எரிக்கப் பார்க்கும். பாதியில் டிரைவர் எஞ்சினை அணைத்தால் அது முடியாது. சில எஞ்சின்களில் இதற்கென்று சிலிண்டருக்குள் விடும் டீசலில் கொஞ்சம் ஆயிலோடு கலந்து ஆயிலும் நீர்த்துப்போகும். எங்கள் ஷீட்டில் டி.பி.எஃப். அழுத்தத்துக்கான 3251 கோடு எந்த வண்டியில் அடிக்கடி வந்தது என்று பார்த்தால், காத்திருப்பு மணி கூடிய அதே டிப்பர்கள்தான்.

இப்போது டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் மறுநாள் வரை தள்ளிப்போடுவதில்லை. லோடு இறக்கிய பிறகு வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை ஓடவிட்டுக் கரியை எரித்து முடித்துவிட்டு வரச் சொல்கிறோம். அரைமணி நேரம்போல ஆகும். ஒரு எச்சரிக்கை: அந்த நேரத்தில் சைலன்சர் பக்கம் நெருப்பாய்ச் சுடும். நம் ஊரில் டிசம்பர் தொடங்கி ரப்பர் இலை உதிர்ந்து தோட்டத்து ஓரமெல்லாம் சருகு மெத்தையாகக் கிடக்கும். அங்கே நிறுத்தி இதைச் செய்யவே கூடாது. வெறும் தரையில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும்.

ஷீட் எனக்குக் காட்டியதில் மனதுக்கு மிகவும் திருப்தியானது ஒரு டிப்பரின் டைனமோ (பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பாகம்) விஷயம். அந்த வண்டிக்கு டைனமோ மாற்றிய வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. தேய்மானத்தால் போகும் பாகமென்றால் மாற்றியபிறகு நல்ல இடைவெளி விட்டுத்தான் மறுபடி போகும். மாற்றியவுடனே மறுபடி வருகிறதென்றால் பாகம் மட்டம், அல்லது கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஃபால்ட் கோடுகளைப் பார்த்தேன். பேட்டரி மின்னழுத்தத்துக்கான 168, பெரும்பாலும் விடியற்காலையில், வண்டி கடற்கரை வேலையில் இருந்த வாரங்களில் வந்திருந்தது.

ஆசான் அடியில் படுத்து, பேட்டரியிலிருந்து சேசிஸுக்கு வரும் எர்த் கேபிளைக் கழற்றினார். வெளியே ரப்பர் உறை நன்றாகத்தான் இருந்தது. முனையில் உறையைச் சீவியதும் உள்ளே செம்புக் கம்பி முழுக்கப் பச்சை பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. உப்புத் தண்ணீர் கம்பி வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. கேபிளை மாற்றி, சேசிஸில் பெயின்டைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கி முறுக்கினார். அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு டைனமோ வரி வரவில்லை. இப்போது கடற்கரை வேலை முடிந்து வரும் ஒவ்வொரு டிப்பரையும் நல்ல தண்ணீரில் அடியோடு கழுவி, எர்த் முனைகளையும் ஏபிஎஸ் சென்சார் இணைப்புகளையும் பிரித்துப் பார்த்து கிரீஸ் வைக்கிறோம்.

டிரைவர்களைச் சேர்த்துக்கொள்ளத்தான் அதிக நாள் பிடித்தது. பெட்டி தங்களை வேவு பார்க்கிறது என்று அவர்கள் பயந்ததில் தப்பே இல்லை. சில இடங்களில் அதைக் காட்டிச் சம்பளம் பிடிக்கிறார்கள். இந்தத் தகவலை வைத்து யாருக்கும் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது என்று நான் சித்தப்பாவிடம் பிடிவாதமாக நின்றேன். அவர் எல்லோரையும் கூட்டி வைத்து வாக்குக் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. வண்டியில் சின்னச் சத்தம் கேட்டாலும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் போடுகிறார்கள், நான் அதை ஷீட்டில் ஏற்றுகிறேன். “எறக்கத்துல எடப் பக்கம் இழுக்கு” என்று ஒரு டிரைவர் அண்ணன் சொன்னதை வைத்து முன் பிரேக்கை முன்கூட்டியே பிரித்துப் பார்த்திருக்கிறோம். அதை எந்தக் கோடும் சொல்லவில்லை.

எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கும் தேதியையும் அதே ஷீட்டில் போட்டுக்கொண்டோம். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடா வருடம். பாடி, பெயின்ட், பெரிய பிரேக் வேலைகளை அந்தத் தேதிக்கு முன்னால் வரும்படி வைத்தால் வண்டி இரண்டு தடவை நிற்க வேண்டியதில்லை.

‘செயற்கை நுண்ணறிவு வைத்துக் கோளாறை முன்கூட்டியே சொல்கிறோம்’ என்று மென்பொருள் விற்பவர்கள் வந்தார்கள். ஆயிரக்கணக்கான வண்டிகளின் தகவல் இருப்பவர்களுக்கு அது உதவும். எங்கள் ஷெட்டில் ஒரு வகைக் கோளாறுக்கு வருடத்தில் சில வரிகள்தான் சேரும். அந்த வரிகளை மெக்கானிக்கோடு உட்கார்ந்து கண்ணால் பார்ப்பதே எங்களுக்கு இப்போதைக்குச் சரி. எக்செல் போதும், பில் வந்த அன்றே ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து டயரைப் பிடித்திருக்கிறோம். ஒவ்வொரு டயரின் வரிசை எண், எந்த இடத்தில் பொருத்தியது, மாதம் ஒருமுறை எடுத்த காற்று அளவு, பட்டன் (தரையில் படும் ரப்பர் வரி) ஆழம் எல்லாம் தனி ஷீட்டில். ரீட்ரெட் போட்ட, அதாவது தேய்ந்தபின் புதுப் பட்டன் ஒட்டிய டயர்கள் தடி லோடிலும் கல் லோடிலும் எப்படி உழைக்கின்றன என்று தனித்தனியாகப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. யாராவது ஏற்கெனவே இப்படிக் கணக்கு வைத்திருந்தால் எந்தெந்தக் கட்டங்களை வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.