என் வலது கால்

விமானம் ஓட்டச் சொல்லித்தருபவனுக்கு மாணவரை முதன்முறை தனியே அனுப்பிவிட்டுத் தரையில் நிற்கிற நிமிடங்கள் நகரவே நகராது. கையில் வாக்கி டாக்கி இருக்கும். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. குரல் கேட்டாலே உள்ளே இருப்பவருக்குக் கவனம் சிதறும்.

அன்று நான் அனுப்பியது, 16 மணி நேரம் என்னோடு பறந்திருந்த ஒரு மாணவியை. விமானம் செஸ்னா 172, ஒற்றை எஞ்சின் கொண்ட சின்ன விமானம். காலையில் சேர்ந்தே மூன்று சுற்று போய்வந்தோம், மூன்றிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இறங்கி, என் காலி இருக்கையின் பெல்ட்டை மாட்டிவிட்டு, "நான் இல்லாததால வெயிட் கம்மி, சீக்கிரம் எழும்பும், பயந்துடாதீங்க" என்றேன்.

எஞ்சினின் விசையைக் கூட்டும் த்ராட்டில் குமிழை முழுக்க உள்ளே தள்ளினார். விமானம் ஓடத் தொடங்கியது. பாதி வேகம்கூட வந்திருக்காது, மூக்கு இடது பக்கம் நகர ஆரம்பித்தது.

இது ஒன்றும் மர்மம் இல்லை. இந்த எஞ்சின், விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் ப்ரொப்பெல்லரை வலஞ்சுழியாகச் சுற்றும். அது பின்னால் தள்ளுகிற காற்று உடலைச் சுற்றிச் சுழன்று வந்து வால் துடுப்பின் இடது பக்கத்தில் அடிக்கும். வால் வலது பக்கம் தள்ளப்பட, மூக்கு இடது பக்கம் போகும். எஞ்சின் முறுக்கமும் இடது சக்கரத்தை அழுத்தும். அன்று இடமிருந்து லேசான காற்றும் வீசியது. எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான்: வால் துடுப்பின் அசையும் பகுதியான ரட்டரைத் திருப்ப, வலது ரட்டர் பெடலை மிதிப்பது.

அவர் மிதிக்கவில்லை, அல்லது போதுமான அளவு மிதிக்கவில்லை. கார் ஓட்டிப் பழகிய கை. விமானியின் கையில் இருக்கும் யோக் என்ற திருப்பியை வலது பக்கம் திருப்பினார். தரையில் அது ஸ்டியரிங் இல்லை. திருப்பினால் இடது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள எலரான் என்ற அசையும் தகடு கீழே இறங்கி, அந்தப் பக்கத்தில்தான் காற்றின் இழுப்பு கூடும். போக வேண்டாத பக்கத்துக்கு அது இன்னும் கொஞ்சம் உதவிசெய்யும்.

அந்த நொடியில் த்ராட்டிலை வெளியே இழுத்திருந்தால் புல்லில் கொஞ்சம் ஓடி நின்றிருக்கும், டயரைக் கழுவியிருப்போம், அவ்வளவுதான். ரன்வே ஓரம் நெருங்குவதைப் பார்த்தவர் யோக்கை இழுத்தார். வழக்கமாக 55 நாட் (மணிக்குச் சுமார் 100 கி.மீ.) வேகத்தில் மூக்கைத் தூக்குவோம். அவர் அதற்கு வெகு முன்னாலேயே தூக்கிவிட்டார். தரையை ஒட்டி, ஏறத்தாழ இறக்கையின் நீளம் அளவு உயரத்துக்குள், காற்றின் இழுவை குறைவாக இருக்கும். அதனால் மேலே ஏறப் போதாத வேகத்திலும் விமானம் எழும்பிவிடும். பறந்துவிட்டோம் என்றே தோன்றும். இறக்கை தாங்கும் சக்தியை இழக்கப் போகிறது என்று சொல்லும் ஸ்டால் எச்சரிக்கை ஒலி எனக்கு வெளியே வரை கேட்டது. இடது இறக்கை சரிந்து, நுனி புல்லில் பட்டு, மூக்குச் சக்கரம் மடங்கி, புழுதி.

ஓடினேன். அவரே எஞ்சினை நிறுத்தி, பெட்ரோல் வால்வை மூடி, மாஸ்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டு இறங்கி நின்றிருந்தார். தோள் பெல்ட் பட்ட இடத்தில் ஒரு சிவந்த கோடு, வேறு காயமில்லை. ப்ரொப்பெல்லர் முனைகள் வளைந்திருந்தன. அப்படி அடிபட்டால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் மறுபடி பறக்க விடமாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அறிக்கை எழுத உட்கார்ந்தோம். இனி வரமாட்டேன் என்கிற முகம். நான் ரைட் சகோதரர்களை இழுத்துவந்தேன். 1903 டிசம்பர் 14 அன்று நாணயம் சுண்டி ஜெயித்த வில்பர், எழும்பியதும் மூக்கை அதிகமாகத் தூக்கி, மூன்றரை நொடியில் மணலில் விழுந்து விமானத்தை உடைத்தார். பழுது பார்த்து 17ஆம் தேதி ஓர்வில் 12 நொடி பறந்ததைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது என்றேன். இந்தக் கதை பலரிடம் எடுபட்டிருக்கிறது.

"அவருக்குச் சொல்லித்தர ஆள் இல்ல சார். எனக்கு நீங்க இருந்தீங்க" என்றார்.

குற்றம் சொல்லும் தொனி இல்லை, அதனால்தான் சுருக்கென்றது. அப்புறம் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "உங்களோட போறப்ப வலது பெடல் லேசா இருக்கும் சார். அன்னைக்குக் கல்லு மாதிரி இருந்துச்சு."

எனக்கு உடனே புரியவில்லை. மறுநாள் வேறொரு மாணவரோடு ரன்வேயில் ஓடும்போது குனிந்து என் கால்களைப் பார்த்தேன். இரண்டு பக்கப் பெடல்களும் இணைந்தவை. ஒருவர் மிதித்தால் மற்றவர் பக்கமும் நகரும். என் வலது கால் பெடலை மிதித்துக்கொண்டிருந்தது. என் காலிடம் நான் மிதிக்கச் சொல்லவில்லை. பல வருடப் பழக்கம், மூக்கு அசைவதற்கு முன்பே அது போய்விடுகிறது. 16 மணி நேரமும் அந்த மாணவிக்காக நான்தான் மிதித்திருக்கிறேன். 'நேராக ஓட்டுகிறார்' என்று அவர் பயிற்சி ஏட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'மாணவரின் கட்டுப்பாட்டு இழப்பு' என்று முதலில் எழுதியிருந்தேன். அதை அடிக்கவில்லை, அது பொய் இல்லையே. கீழே இன்னும் நான்கு வரி சேர்த்தேன். படித்த மேலதிகாரி, இதெல்லாம் தேவையா என்பது போலப் பார்த்தார். இருக்கட்டும் சார் என்றேன்.

ஐந்து வாரம் கழித்து அந்த மாணவி திரும்ப வந்தார். வேறு விமானம், அதே ரன்வே. டேக் ஆஃபுக்கு முன் என் இரண்டு பாதங்களையும் பின்னுக்கு இழுத்துத் தரையில் ஊன்றி, முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டேன். சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். மூக்கு இடது பக்கம் போனது. எனக்குப் பிடித்த அளவைவிட அதிகமாகவே போனது. தொடைச் சதை தானாகத் துடித்தது. பிறகு மெதுவாக, கொஞ்சம் கோணல்மாணலாக, நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்தது.

500 அடி தாண்டிய பிறகுதான் பேசினார்.

"சார், உங்க கால் எங்க இருந்துச்சு?"