இரண்டு கையுறைகளுக்காக ஒரு சாபம்

ரோமானியக் கல்வெட்டு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பளிங்கில் வெட்டிய பெரிய பெரிய எழுத்துகள்தான். பேரரசர் பெயர், பட்டங்கள், எதைக் கட்டினார், யாரை வென்றார், அவ்வளவுதான். அதையும் அப்படியே நம்பிவிட முடியாது. ரோம் நகரத்துப் பாந்தியன் என்ற பழைய கோயிலின் முகப்பில் ‘அக்ரிப்பா கட்டினார்’ என்று இன்றும் இருக்கிறது, ஆனால் இப்போது நிற்கும் கட்டடம் அவர் செத்து நூறு வருஷத்துக்கும் மேலே கழித்து எழும்பியது என்பதை அதன் செங்கற்களில் குத்தியிருந்த முத்திரைகளை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

எனக்கு லத்தீன் எழுத்துகள் மேல் பைத்தியம் பிடித்தது பளிங்கால் அல்ல, ஈயத்தால்.

இங்கிலாந்தின் பாத் நகரத்தில் 46 டிகிரி சூட்டில் ஊறிக்கொண்டே இருக்கும் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. ரோமானியர் காலத்தில் அது சூலிஸ் மினர்வா என்ற தெய்வத்தின் இடம். 1979, 80 வாக்கில் தொல்லியலாளர் பாரி கன்லிஃப் தலைமையில் அந்த ஊற்றைத் தோண்டியபோது ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய தகடுகள் கிடைத்தன. முன்பு கிடைத்ததையும் சேர்த்தால் சுமார் 130. உள்ளங்கை அளவுத் தகட்டில் கூரான முனையால் கீறி எழுதி, பல சமயம் சுருட்டியோ மடித்தோ தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். எல்லாம் பெரும்பாலும் சாபம், அதுவும் திருட்டுக் கொடுத்தவர்களின் சாபம்.

தோசிமெதிஸ் என்பவருக்கு இரண்டு கையுறைகள் போய்விட்டன. எடுத்தவனுக்குப் புத்தி கெடட்டும், கண் போகட்டும், அதுவும் தெய்வத்தின் கோயிலிலேயே நடக்கட்டும் என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் தோசிலியானுஸ், ப்ரூசெரஸ் மகன். அவருடைய முக்காடு வைத்த மேலங்கி களவு போனது. ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவனோ, எடுத்தவன் அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்வரை அவனுக்குத் தூக்கம் கூடாது, பிள்ளை கூடாது என்கிறார். அந்த ‘ஆணோ பெண்ணோ’ வரிசை தகட்டுக்குத் தகடு வருகிறது, திருடன் எந்தச் சந்திலும் நழுவிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதிய மனு மாதிரி. அன்னியானுஸ் ஆறு வெள்ளிக் காசைப் பறிகொடுத்தவர், அவர் அந்த வரிசையில் ‘கிறிஸ்தவனோ மற்றவனோ’ என்றும் சேர்த்துக்கொள்கிறார். ஊருக்குள் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பது இப்படி ஆறு காசு தொலைந்த கோபத்தில் நமக்குத் தெரிய வருகிறது! இந்த மாதிரிச் செய்தியை எந்தப் பேரரசர் கல்லில் வெட்டி வைப்பார்?

படிப்பதுதான் பெரும்பாடு. இது அச்சடித்த மாதிரி நிற்கும் பெரிய எழுத்து இல்லை, வேகமாக எழுதிய கையெழுத்து, அதிலும் முந்தைய காலத்துக் கையெழுத்து ஒன்று, பிந்தைய காலத்தது வேறொன்று. தகட்டின் மேல் பக்கவாட்டில் தாழ்வாக வெளிச்சத்தை அடித்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது கீறல் எது மடிப்பு என்று பிரித்து, கையால் வரைந்து எடுக்க வேண்டும். போதாததற்கு எழுதியவர்களே சில சமயம் ஒவ்வொரு சொல்லையும் பின்னாலிருந்து முன்னாக எழுதியிருக்கிறார்கள். 1880இல் கிடைத்த வில்பியா தகடு அப்படித்தான். ‘என்னிடமிருந்து வில்பியாவைத் திருடியவன் தண்ணீராய்க் கரைந்து போகட்டும்’ என்று தொடங்கும். வில்பியா ஒரு பெண்ணா, ஏதோ ஒரு பொருளா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

1904இல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத் தலைவர் நிக்கல்சன் ஒரு தகட்டைப் படித்து, வினிசியுஸ் என்பவர் நிக்ரா என்ற பெண்ணுக்கு எழுதிய கிறிஸ்தவக் கடிதம் என்று வெளியிட்டார். பழைய லத்தீன் கையெழுத்துகளைப் படிக்கும் அறிஞர் ரோஜர் டாம்லின் பிறகு காட்டினார்: நிக்கல்சன் தகட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்திருக்கிறார். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அவர் படித்த மனிதர்தான், பார்க்க ஆசைப்பட்டதைக் கண் காட்டிவிடுகிறது. அதனால்தான் 1931இல் லைடன் நகரத்தில் அறிஞர்கள் கூடி வகுத்த பதிப்பு முறை எனக்கு அவ்வளவு பிடிக்கும். சந்தேகமான எழுத்துக்குக் கீழே புள்ளி, சிதைந்ததை ஊகித்து நிரப்பினால் சதுர அடைப்புக்குறி. எங்கே கண் பார்த்தது, எங்கே மூளை நிரப்பியது என்று படிக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். சரி, அடைப்புக்குறியை எடுத்துவிட்டு மொழிபெயர்ப்பை மட்டும் பரப்புகிறவர்கள்தான் இன்று அதிகம், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1988இல் டாம்லின் இந்தத் தகடுகளை எல்லாம் பதிப்பித்தார். அதில் அவர் கவனித்த ஒரு விஷயம்: கையெழுத்து கிட்டத்தட்ட தகட்டுக்குத் தகடு மாறுகிறது. கோயில் வாசலில் உட்கார்ந்து காசுக்கு எழுதிக் கொடுத்த ஒரே எழுத்தர் இல்லை, அவரவர் எழுதியிருக்கிறார்கள். அப்புறம், எழுத்தே தெரியாமல் எழுத்து மாதிரி வரிவரியாகக் கீறிப் போட்ட தகடுகளும் உண்டு, அவற்றையும் அவர் எண் போட்டுச் சேர்த்திருக்கிறார். அன்று எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள், கையுறை தொலைத்த தோசிமெதிஸையும் இந்த வெறும் கீறல்களையும் எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.