கேட்டுக்கொண்டே இருப்பவர்கள்

வேற்றுக்கிரக உயிர்கள் பற்றிய கோளரங்கக் காட்சிக்கு வசனம் எழுதினால், நம் விண்மீன் மண்டலத்தில் சமிக்ஞை அனுப்பக்கூடிய நாகரிகங்கள் எத்தனை என்று கணக்குப் போடும் ட்ரேக் சமன்பாட்டின் கடைசி எழுத்தில் வந்து எல்லோரும் மாட்டிக்கொள்வோம். 1961ல் வானியலாளர் ஃபிராங்க் ட்ரேக் அதை எழுதியபோது பல உறுப்புகள் வெறும் ஊகம். இன்று சூரியக் குடும்பத்துக்கு அப்பால் ஐயாயிரத்துக்கும் மேல் கோள்கள் உறுதியாகிவிட்டதால் சிலவற்றுக்கு ஓரளவு விடை உண்டு. அந்தக் கடைசி எழுத்தான 'எல்', அதாவது சமிக்ஞை அனுப்பத் தெரிந்த ஒரு நாகரிகம் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்பது, எந்தத் தொலைநோக்கிக்கும் அகப்படாத எண்.

அங்கே நான் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: "நெடுங்காலம் நிலைக்கும் நாகரிகம் எதுவானாலும், அது சகித்து வாழக் கற்றதாகத்தான் இருக்கும்." இப்போதும் அதில் தர்க்கப்பிழை இருப்பதாக நினைக்கவில்லை. வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி, "எல்லோரும் எங்கே?" என்று இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி 1950ல் மதிய உணவு மேசையில் கேட்டது லாஸ் அலமோஸில், அணுகுண்டு உருவான அதே இடத்தில். கூட இருந்த எட்வர்ட் டெல்லர் ஹைட்ரஜன் குண்டுக்காக வாதாடிக்கொண்டிருந்தவர். விண்வெளி ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதற்கு ஒரு விடை அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

குரல் கொடுக்க வந்தது எங்கள் ஒப்பந்த ஊழியர் ஒருவர், இளம்பெண். அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"சார், சகிச்சுக்கிட்டு பேசாம இருக்கறவங்களும், ஆளே இல்லாததும் இங்கேர்ந்து பாத்தா ஒண்ணாத்தானே தெரியும்?"

எனக்கு ஒரே குஷி. 1973ல் ஜான் பால் என்பவர் இதைத்தான் சொன்னார், அவர்கள் நம்மைத் தொந்தரவு செய்யாமல் விலங்குகள் சரணாலயம் போல ஒதுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "அன்னைக்கு சாப்பாட்டு ரூம்ல நீங்களும் இருந்தீங்களா சார்?" என்றார்.

"இருந்தேன்மா."

"ஓ," என்றார். "முதல்லேர்ந்து படிக்கட்டுமா?"

குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். அவருக்கு நிஜமாகவே நான் அங்கே இருந்தது தெரியவில்லை.

அன்று நடந்தது இவ்வளவுதான். அந்தப் பெண் டிபன்பாக்ஸைத் திறந்தார். கருவாட்டுத் தொக்கு. மூத்த அதிகாரி ஒருவர் தலையைத் தூக்காமலே, "ஏம்மா, சாமி படம் மாட்டியிருக்கற ரூம் இது. இதெல்லாம் இங்க வேண்டாமே," என்றார். கத்தவில்லை, திட்டவில்லை. அந்தப் பெண் மூடியின் நான்கு கொக்கிகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி மூடிவிட்டு எழுந்து போனார். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து நான் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

என் பக்க நியாயம் இல்லாமல் இல்லை. ஒப்பந்தப் புதுப்பிப்புக் கோப்பு அந்தப் பெரியவர் மேசை வழியாகத்தான் போகும். நான் வாயைத் திறந்திருந்தால் அது அந்தப் பெண்ணின் தலையில்தான் விடிந்திருக்கும். இது நிஜமான காரணம்தான். ஆனால் அன்று ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது இது தோன்றியதா, பிறகு கண்டுபிடித்துக்கொண்டதா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. யாரோடும் அனுசரித்துப் போகிறவன் என்று ஆபீசில் எனக்குப் பெயர். அன்றும் அனுசரித்துத்தான் போனேன், அந்தப் பெரியவரை. அதற்கான செலவு மட்டும் இன்னொருவர் கணக்கில் விழுந்தது.

பேசாமல் இருப்பது கோழைத்தனம் என்று அவசரமாக முடிவுகட்டவும் மனம் வரவில்லை. 1974ல் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கொத்தை நோக்கி ஒரு செய்தி அனுப்பியபோது, மார்ட்டின் ரைல் போன்ற பெரிய வானியலாளரே ஆட்சேபித்தார். 2010ல் ஸ்டீபன் ஹாக்கிங், கொலம்பஸ் வந்திறங்கியது அமெரிக்கப் பழங்குடிகளுக்கு நல்லதாக முடியவில்லை என்று நினைவூட்டினார். தெரியாத இடத்தில் சத்தம் போடாதே என்பது அறிவுள்ளவர்கள் சொன்னதுதான். ஆனால் அந்த அறிவு எல்லோருக்கும் இருந்துவிட்டால், பிரபஞ்சம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர்கூடப் பேசமாட்டார்கள். ட்ரேக் 1960ல் இரண்டு நட்சத்திரங்களின் பக்கமிருந்து சமிக்ஞை ஏதும் வருகிறதா என்று காதுகொடுத்ததிலிருந்து இன்றுவரை நாமும் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

வாயேஜர் விண்கலங்களில் வேற்றுக்கிரகவாசிகளுக்காக வைத்து அனுப்பிய தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் 55 மொழிகளில் வணக்கம் பதிவாகியிருக்கிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, தமிழ் கிடையாது. காட்சிக்குப் பிறகு இதைச் சொன்னால் அரங்கில் முணுமுணுப்பு எழும், சிலர் கோபமாகவே கேட்பார்கள். விடுபட்டவர்களுக்குத்தானே அந்தப் பட்டியல் உறுத்தும்! இந்த விஷயத்தில் அவர்களோடு சேர்ந்து நானும் சூடாகப் பேசுவேன். அதற்கு எனக்குத் தயக்கமே வருவதில்லை.

வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று பிறகொரு நாள் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எதுக்கு சார்? மறுபடி ரெக்கார்டிங்னா ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டணும்," என்றார். அப்படியே விட்டாயிற்று.

பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த அறையில் இப்போது யாரும் யாரையும் எதுவும் சொல்வதில்லை. யாரும் மீனோ கருவாடோ கொண்டுவருவதும் இல்லை. நானும் மீன் சாப்பிடுகிறவன்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட்டுக்கொள்கிறேன்.