ஒரே உறையில் இரண்டு கத்தி

பெர்ல் நிரல்மொழியின் 5.26 பதிப்பிலிருந்து 5.36-க்கு மாறுவது அரைமணி நேர வேலை என்று வெள்ளிக்கிழமை மாலை வாய் கூசாமல் சொன்னேன். பல பெர்ல் பதிப்புகளை ஒரே கணினியில் வைத்து மாற்றித்தரும் பிளென்வ் இருக்கிறதே, ஒரே கட்டளைதானே!

கட்டளை வேலை செய்தது. புதிய பதிப்பு எண்ணும் வந்தது. நிரலை ஓட்டினால், ஜேசான் வடிவத் தரவைப் படிக்க, எழுத உதவும் ஜேசான் எக்ஸ்எஸ் தொகுதியிடம் போய் நின்றுவிட்டது. தொகுதியும் பெர்லும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் கைகுலுக்கல் சாவி பொருந்தவில்லையாம். வந்தது இது, வேண்டியது அது என்று புரியாத இரண்டு எண்கள் வேறு.

தொகுதிகளை நிறுவித்தரும் சீபான்எம்மைக் கூப்பிட்டு அந்தத் தொகுதியை நிறுவச் சொன்னேன். “அதுதான் புதிதாகவே இருக்கிறதே” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. விடுவேனா? மறுபடியும் நிறுவியே தீர வேண்டும் என்று வற்புறுத்தினேன். சி கம்பைலர் ஓடியது, நிரலும் ஓடியது.

பழைய அறிக்கை ஒன்று இன்னும் 5.26-இல்தான் ஓடுகிறது. ஓடியது என்று சொல்ல வேண்டும். இப்போது அது படுத்துவிட்டது. அதே பிழைச்செய்தி, எண்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. 5.26-இல் மறுபடி நிறுவினேன், அறிக்கை எழுந்தது, 5.36-இல் ஓடிய நிரல் விழுந்தது. இப்படி மூன்று சுற்று. இரண்டாவது சுற்றிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

என்னை ஏமாற்றியது, பெர்லிலேயே எழுதப்பட்ட மற்ற தொகுதிகள் இரண்டிலும் சமர்த்தாக ஓடியதுதான். சி மொழிப் பகுதி உள்ள தொகுதிதான் தன்னைக் கம்பைல் செய்த பெர்லைத் தவிர வேறொன்றை ஏறெடுத்தும் பார்க்காது.

கடைசியில் பெர்ல் எந்த அடைவுகளில் தேடுகிறது என்ற பட்டியலை அச்சிட்டுப் பார்த்தேன். முதல் வரியிலேயே என் வீட்டு அடைவிலுள்ள ‘பெர்ல்5’. இரண்டு பதிப்புகளும் அங்கேயே தேடி, அங்கேயே நிறுவி, ஒன்று வைத்ததை மற்றொன்று அழித்துக்கொண்டிருந்தன. இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யார் என்று முனையம் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி கோப்பைத் திறந்தேன். தொகுதிகளை வீட்டு அடைவிலேயே நிறுவச் சொல்லும் லோக்கல்லிப் வரிகள், அவற்றுக்கு மேலே ‘தற்காலிகம்’ என்று ஒரு குறிப்பு. எழுதியது நானேதான்.

வரிகளை நீக்கினேன். முனையத்தை மூடித் திறக்க மறந்து, அதே பிழையைப் பத்து நிமிடம் முறைத்தேன். பிறகு ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகத் தொகுதிகளை நிறுவி முடிக்கும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது.

அந்த அடைவை அழிக்க மனம் வரவில்லை. ‘பெர்ல்5-பழையது’ என்று பெயர் மாற்றப் போனேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஓர் அடைவு இருந்தது.