கியர் மாற்றாத வண்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஸ்டேஷனிலிருந்து இடிஎஸ் மின்சார ரயில் கிளம்பும்போது அடியிலிருந்து ஓர் இழுவைச் சத்தம் கேட்கும். "கியர் மாத்துறான் மாமா" என்றான் அக்கா மகன். எங்கே மாற்றுவது? மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது ஒரே பல்சக்கர விகிதம். கடைசிவரை அது மாறாது.

நான் செம்பனை ஆலையில் சார்ஜ்மேன், மின்சார வேலைக்குப் பொறுப்பாள். எங்கள் கன்வேயர் மோட்டாரின் தகட்டில் 50 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 1,450 சுற்று என்று அடித்திருக்கும். ஹெர்ட்ஸ் என்றால் மின்சாரம் நொடிக்கு எத்தனை அலை அடிக்கிறது என்பது. உள்ளே காந்தப் புலம் சுற்றுவதோ 1,500. மோட்டாரில் சுழலும் பகுதியான ரோட்டார் கொஞ்சம் பின்தங்கியேதான் ஓடும்; அந்தப் பின்தங்கலில்தான் இழுக்கும் பலமே பிறக்கிறது. வேகம் குறைய வேண்டுமென்றால் ஹெர்ட்ஸைக் குறைக்கணும். கூடவே வோல்ட்டையும், 25 ஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய பாதி வோல்ட். மறந்தால் இரும்பு காந்தத்தால் நிரம்பி, கரண்ட் எகிறி, சுருள் கருகிவிடும்.

ரயிலிலும் இதே வேலைதான், அளவு பெரிது. மேல் கம்பியில் ஒற்றை பேஸ், அதாவது ஒரே மின் அலை, 25,000 வோல்ட். டிரான்ஸ்பார்மர் அதை இறக்கும், அப்புறம் அது டிசி, அதாவது ஒரே திசை மின்சாரம் ஆகும். அதை ஐஜிபிடி என்ற மின்னணு சுவிட்சுகள் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை வெட்டி மூன்று பேஸாக்கி மோட்டாருக்கு அனுப்பும். வேகம் ஏற ஏற வெட்டும் முறை மாறும். பையன் காதில் கியராக விழுந்தது அதுதான்.

எனக்குப் பிடித்தது பிரேக். ரோட்டார் ஓடும் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே ஹெர்ட்ஸை இறக்கினால் போதும், இழுத்த மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியைப் பிடித்து நிறுத்தும். எங்கள் ஆலையில் அந்தச் சக்தி ரெசிஸ்டரில் சூடாகி வீணாகிறது. பார்க்கவே வயிற்றெரிச்சல். ரயிலில் அது மேல் கம்பிக்கே திரும்பிப் போய், பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கும் வேறொரு வண்டிக்கு உதவும்.

மழை நாளில் ஓர் அச்சு மட்டும் வழுக்கிச் சுழன்றால், கன்ட்ரோலர் மற்ற அச்சுகளோடு ஒப்பிட்டு அங்கே இழுவையைச் சட்டென்று குறைத்துவிடும். டிரைவர் கை வைப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

இன்னொன்று. இரண்டு துணை மின்நிலையங்களின் பேஸ் ஒன்றோடொன்று மோதக் கூடாது என்று நடுவே கரண்ட் இல்லாத கம்பித்துண்டு ஒன்று விட்டிருப்பார்கள். அங்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறந்தபடிதான் வண்டி கடக்கும்.

"அப்ப எதுல ஓடுது?"

"இருக்கிற வேகத்துலதான்டா."

சில வண்டிகள் அந்தக் கொஞ்ச தூரத்தில் மோட்டாரை லேசாகப் பிரேக் பிடிக்க வைத்து, கிடைக்கிற மின்சாரத்தில் ஏர்கோனைக்கூட அணையாமல் ஓட்டிவிடும்.