“விபத்து” என்ற ஒரு சொல்

சிறு குழந்தைகளுக்கு ஏற்படும் காயங்களைப் பற்றி வீடு வீடாகக் கேட்கும் எங்கள் ஆய்வுக் கேள்வித்தாளைக் குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டில் முதன்முதலாகக் கேட்டுப் பார்த்தோம். “கடந்த 3 மாதத்தில் குழந்தைக்கு ஏதாவது விபத்து நடந்ததா?”

“அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்றார் அந்த அக்கா. மடியில் இருந்த 2 வயதுப் பையனின் முழங்கையில் சூடு பட்ட தழும்பு. போன மாதம் கஞ்சி கொட்டிவிட்டதாம். அவருக்கு விபத்து என்றால் ரோட்டில் பஸ் மோதுவது.

அந்தச் சொல்லை அன்றே எடுத்துவிட்டோம். விழுந்தானா, சுட்டுக்கொண்டானா, எதையாவது விழுங்கினானா, நாய் கடித்ததா என்று தனித்தனியாகக் கேட்கிறோம். இரண்டு வாரம் கழித்து அதே வீட்டில் அதே கேள்விகள். இரண்டு பதில்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கப்பா என்ற அளவில் பார்ப்போம்: 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் குருட்டாம்போக்கில் பொருந்துகிற அளவுதான். அப்புறம் மருத்துவமனைச் சீட்டோடும் ஒப்பிட வேண்டும். ஆனால் வீட்டிலேயே மஞ்சள் வைத்து ஆறிய காயத்துக்குச் சீட்டு ஏது?

எனக்குப் பெரிய கவலை வேறு. மாமியார் பக்கத்தில் இருந்தால் சில தாய்மார்கள் வாயே திறப்பதில்லை. “நீ பார்க்காம விட்டியா” என்ற பேச்சுக்குப் பயம். அதனால் இப்போது உட்கார்ந்ததும் முதலில் சொல்வது, “யார் தப்புன்னு கேக்க வரலக்கா” என்பதைத்தான். நாளை அணைக்கட்டுப் பக்கம் போகிறோம்.