கனெக்‌ஷன் அறுந்தாலும் வேலை ஓட வேண்டும்

செங்கோட்டையில் புனலூர் பஸ் ஏறினால், புளியரை எஸ் வளைவு தாண்டும்போதே போனில் டவர் தடுமாறும். ரயிலில் போனால் ஆரியங்காவுக் குகைக்குள் அதுவும் போய்விடும். ஆனி, ஆடியில் காற்றும் சாரலுமாக அடிக்கிற நாளில் வீட்டில் இருந்தாலும் கரண்டை நம்ப முடியாது. இந்தப் பக்கத்திலிருந்து, வேறொரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் (SSH) வழியாகத் தூரத்து சர்வரில் மணிக்கணக்கில் ஓடும் வேலையைத் தொடங்குகிறவர்கள், கனெக்‌ஷன் நடுவில் அறும் என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

கட்டளையின் கடைசியில் & போட்டால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். போதாது. & போட்டால், நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், வேலை முடியும்வரை காத்திருக்காது; அடுத்த கட்டளையை அடிக்க விடும், அவ்வளவுதான். திரையில் [1] 4821 என்று வரும். 1 என்பது அந்த ஷெல்லுக்குள் மட்டும் செல்லும் வேலை எண். 4821 சிஸ்டம் முழுக்கச் செல்லும் ப்ராசஸ் எண், அதாவது ஓடுகிற நிரலின் எண். வேலை இன்னமும் நீங்கள் கட்டளை அடித்த அதே திரையில், அதாவது டெர்மினலில்தான் கட்டுண்டு கிடக்கிறது.

கனெக்‌ஷன் அறுந்தது சர்வருக்கு உடனே தெரியாது. தெரிந்ததும் அந்த டெர்மினலை மூடும். அப்போது ஷெல்லுக்கு ஹேங்கப் என்ற 1-ஆம் எண் சிக்னல் போகும். பேஷ் ஷெல் அதைத் தன் வேலைகள் எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டுச் சாகும். அதனால்தான் டவர் போன பிறகும் கொஞ்ச நேரம் ஓடிய வேலை திடீரென்று நின்றுபோகிறது. எக்ஸிட் என்று அடித்து ஒழுங்காக வெளியே வந்தால் கதை வேறு: பேஷ் இயல்பாக அந்தச் சிக்னலை அனுப்புவதில்லை. ‘நேற்று & போட்டது ஓடிச்சு, இன்னைக்கு நின்னுபோச்சு அண்ணாச்சி’ என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான்.

நோ ஹேங்கப் என்பதன் சுருக்கமான நோஹப் அந்தச் சிக்னலைக் காதில் வாங்காமல் இருக்கச் செய்கிறது. முழுக் கட்டளை இப்படி (அடிக்கும்போது நோஹப் என்பது nohup, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் என்பது rsync, -ஏ என்பது -a):

நோஹப் ஆர்சிங்க் -ஏ மூலம்/ சேருமிடம்/ > காப்பு.லாக் 2>&1 &

> காப்பு.லாக் என்பது வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்புகிறது. 2>&1 பிழைச் செய்திகளையும் அதே இடத்துக்கு அனுப்புகிறது. நோஹப் இல்லாத கட்டளைகளில் வரிசை முக்கியம். 2>&1-ஐ முதலில் போட்டால் பிழைகள் பழைய இடமான டெர்மினலுக்கே போகும்; ஏனென்றால் ஷெல் இவற்றை இடமிருந்து வலமாகச் செயல்படுத்துகிறது. திருப்பவே மறந்தால் நோஹப் தானாகவே நோஹப்.அவுட் என்ற கோப்பில் சேர்த்துக்கொண்டே போகும். வட்டு நிறைந்த பிறகு அதைத் தேடிக் கண்டுபிடிக்கிற நிலை வேண்டாம்.

லாக் காலியாக இருக்கிறது என்று பயந்து வேலையை நிறுத்திவிடாதீர்கள். கோப்புக்கு எழுதும்போது பல நிரல்கள் சில ஆயிரம் பைட் சேர்ந்த பிறகே மொத்தமாக எழுதும். பைதான் என்றால் -யு (-u) சேர்த்தால் உடனுக்குடன் வரும்.

ஏற்கெனவே முன்னணியில் ஓடுகிற வேலையா? கண்ட்ரோல்-இசட் அழுத்துங்கள். அது வேலையைப் பின்னணிக்கு அனுப்பாது, உறைய வைக்கும். அதோடு போய்விடுகிறவர்கள்தான் அதிகம். பிஜி (bg) என்று அடித்தால்தான் மறுபடி ஓடும். பிறகு டிஸ்ஓன் %1 (disown %1) அடித்தால் ஷெல் அதைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். ஆனால் வெளியீடு இன்னும் பழைய டெர்மினலுக்கே போகிறது. அது மூடிய பின் நிரல் ஒரு வரி எழுத முயன்றாலும் பிழை வரும். பல நிரல்கள் அங்கேயே விழும். டிஸ்ஓன் ஆபத்துக்கு உதவும் வழி மட்டும்தான்.

பின்னணி வேலை கடவுச்சொல் கேட்டாலும் உறைந்து நிற்கும். நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சூடோ (sudo) தேவைப்பட்டால் முதலில் சூடோ -வி (sudo -v) அடித்து கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

உண்மையில் இந்த ஊர் நெட்டுக்கு ஏற்றது, சர்வரிலேயே திரையை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் (tmux). சர்வரில் நுழைந்ததும் டிமக்ஸ் திறந்து, அதற்குள் வேலையை & இல்லாமலே ஓட விடுங்கள். கண்ட்ரோல்-பி (b), பிறகு டி (d) அழுத்தினால் வெளியே வரலாம். கனெக்‌ஷன் தானாக அறுந்தாலும் விளைவு அதேதான். திரும்ப வந்து டிமக்ஸ் அட்டாச் என்றால், திரை விட்ட இடத்தில் நிற்கும். கேள்வி கேட்டால் பதிலும் கொடுக்கலாம். நோஹப்பில் அது நடக்காது. உங்கள் பக்கம் திரை உறைந்து நின்றால், என்டர், ~, புள்ளி என்று வரிசையாக அழுத்துங்கள்; எஸ்எஸ்எச் உடனே முடியும்.

நிறுத்தும்போது எடுத்த எடுப்பில் கில் -9 வேண்டாம். வெறும் கில் அனுப்புவது 15-ஆம் சிக்னல். நிரல் தற்காலிகக் கோப்புகளை அழித்து, பூட்டுகளை விட்டுவிட்டு முடிய அது இடம் தருகிறது. பத்து விநாடி பொறுங்கள். 9 போட்டால் அரைகுறைக் கோப்பும் பூட்டும் கிடக்கும். அது பெற்ற குழந்தை ப்ராசஸ்கள் தொடர்ந்து ஓடவும் கூடும். உறைந்த வேலைக்கு 15 அனுப்பினால் அது விழித்த பிறகே சேரும். கூடவே (லினக்ஸில்) கில் -18 அனுப்பி எழுப்புங்கள். ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் (ps) பட்டியலில் டி (D) என்ற நிலையில் நிற்பது வட்டு அல்லது நெட்வொர்க் கோப்பமைப்புக்காகக் காத்திருக்கிறது. பெரும்பாலும் அதற்கு 9-ம் உடனே எடுபடாது; பழுதை அங்கேதான் தேட வேண்டும்.

வேலை வீட்டுக் கணினியிலேயே ஓடுகிறது என்றால், கரண்ட் போகும்போது நோஹப்பும் டிமக்ஸும் சேர்ந்தே போகும். பெரிய கோப்புகளை நகர்த்தும்போது ஆர்சிங்க்கில் --பார்ஷியல் சேர்த்துவிடுங்கள். நெட் நடுவில் அறுந்தால் கோப்பின் வந்த பகுதி அழியாமல் இருக்கும். நெட்வொர்க் வழியாக நகர்த்தும் வேலை என்றால், நெட் திரும்ப வந்ததும் அதே கட்டளையை மறுபடி அடித்தால் அந்தப் பகுதியைப் பயன்படுத்திக்கொண்டு மிச்சத்தை மட்டும் இழுக்கும்.